எவர் முன்னால் அடக்கம்? யாழ்ப்பாணப் புனைவில் வாய் திறவாப் பிள்ளைகள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மைப்படுத்திய அச்சு வடிவம்)



எங்கள் ஊர்களில் ஒரு பிள்ளையைப் பற்றி நல்லது சொல்லப் புகுந்தால் முதலில் வாயில் வரும் வசனம், "ஒரு சோலி சுரட்டுக்கும் போகாத பிள்ளை" என்பது. அடுத்தது, "தானும் தன்ர படிப்பும்". கலியாணம் பேச வந்தவரிடமும், வேலைக்குச் சிபாரிசு கேட்கப் போன இடத்திலும், பிடித்துக்கொண்டு போன மகனைத் தேடி முகாம் வாசலில் நின்றபோதும் பெற்றோர் சொன்னது இதே வசனம்தான். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அந்தப் பிள்ளை, கதைக்குள் வருகிற பிள்ளை. பதின்மூன்றுக்கும் பத்தொன்பதுக்கும் இடைப்பட்ட வயது, மரியாதையான பேச்சு, அதிலும் குறைந்த பேச்சு, பெரியவர் வந்தால் எழும்பி நிற்கும் பழக்கம். யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்ட புனைவுகளில் இப்பாத்திரம் ஏதோ ஒரு மூலையில் நின்றுகொண்டே இருக்கிறது. விமர்சகர்கள் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். கோபக்காரனைப் பற்றியும் போராளியைப் பற்றியும் எழுதிய பக்கங்களோடு ஒப்பிட்டால், வாய் திறவாதவனைப் பற்றி நாம் எழுதியது மிகச் சொற்பம்.

என் துணிபைத் தொடக்கத்திலேயே வைத்துவிடுகிறேன். யாழ்ப்பாணப் புனைவில் பதின்வயதுப் பாத்திரம் ஒன்றின் அடக்கத்தை அதன் பிறவிக் குணமாக வாசிப்பது போதாது. அடக்கம் எப்போதும் எவர் முன்னாலோ நிகழ்வது. அந்த எவர் என்பது மாறினால் அடக்கத்தின் பொருளும் மாறும். சில வேளை அடக்கமே இல்லாமலும் போகும். ஆகவே அப்பாத்திரத்தின் பின்புலம் என்பது அதன் ஆளுமைக்குப் பின்னால் தொங்கவிட்ட திரைச்சீலையன்று. பின்புலத்தை எடுத்துவிட்டால் அங்கே ஆளுமை என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. 1914ஆம் ஆண்டு தொடக்கம் 2023 வரை வெளிவந்த சில படைப்புகளைக் கொண்டு இதை நிறுவ முயல்கிறேன். பட்டியல் முழுமையானதன்று, வாதத்துக்கு வேண்டியவற்றை மட்டும் தெரிந்தெடுத்திருக்கிறேன்.

1

யாழ்ப்பாணத்தில் அடக்கம் கற்பிக்கப்பட்ட ஒன்று. அதற்குப் பாடப்புத்தகம் இருந்தது, வகுப்பறை இருந்தது, பரிசளிப்பு விழாவும் இருந்தது. வட்டுக்கோட்டைச் செமினரி 1823இலும் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலை 1824இலும் தொடங்கின. 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மிஷனரிமாருக்கும் நாவலருக்கும் இடையே ஒத்துப்போகாத விடயங்கள் எத்தனையோ இருந்தன; துண்டுப் பிரசுரங்களில் அவர்கள் மோதிக்கொண்டதை நாம் அறிவோம். ஆனால் ஒரு நல்ல மாணாக்கன் எப்படி நிற்பான், எங்கே இருப்பான், எப்போது வாய் திறப்பான் என்பதில் இரு தரப்புக்கும் பெரிய பிணக்கு இருந்ததாகத் தெரியவில்லை. மணி அடித்தால் எழும்புவது, வரிசையில் போவது, கேட்டால் மட்டும் விடை சொல்வது என்ற விடுதி ஒழுங்கு ஒருபுறம். பாலபாடங்களும் நீதிநூல்களும் அவற்றை மனனம் செய்து ஒப்புவிப்பதும் மறுபுறம். எதிரெதிராக நின்ற இரண்டு கல்வி மரபுகள் ஒரே வகையான பிள்ளையை உருவாக்கின என்பது நம் சமூக வரலாற்றின் சுவையான செய்திகளுள் ஒன்று.

பள்ளியில் தொடங்கியதை வீடு முடித்து வைத்தது. வந்தவருக்குக் கதிரை எடுத்துப் போடுவது, "வாங்கோ, இருங்கோ" என்று சொல்வது, தேத்தண்ணீர்த் தட்டத்தை இரண்டு கையாலும் நீட்டுவது, பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றுவிட்டு உள்ளே மறைவது. இவ்வளவும் ஒரு நாடகப் பாத்திரத்துக்குரிய அசைவுகள் போல வரையறுக்கப்பட்டிருந்தன. படிப்பு எப்படி, என்ன வகுப்பு என்று கேட்டால் விடை உண்டு. அதற்கு மேல் விடை இல்லை. கிடுகு வேலிக்கு இந்தப் பக்கம் நடப்பது அந்தப் பக்கம் தெரியக்கூடாது என்று நினைத்த சமூகம், வேலிப் பொட்டுக்குள்ளால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டும் இருந்தது. பார்க்கப்படுகிறோம் என்ற நினைவோடு வளரும் பிள்ளை, தன்னைச் சுற்றித் தானே ஒரு வேலி அடைத்துக்கொள்வதில் வியப்பில்லை.

இதற்குக் கீழே பொருளாதாரம் இருக்கிறது. ஆறு இல்லாத மண், பங்கு பிரித்துப் பிரித்துச் சுருங்கிய காணி. அரசாங்க உத்தியோகமே வழி என்றான பிறகு படிக்கிற பிள்ளை ஒரு குடும்பத்தின் முதலீடாயிற்று. 1971இல் தரப்படுத்தல் வந்தபோது மருத்துவ பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 400க்கு 250 புள்ளி எடுக்க வேண்டியிருந்தது. சிங்களமொழி மூல மாணவருக்கு 229 போதுமாயிருந்தது. அந்த இருபத்தொரு புள்ளியின் கதை அரசியல் மேடைகளில் நிறையப் பேசப்பட்டுவிட்டது. வீட்டுக்குள் அது செய்தது வேறு. தெருவில் நிற்காதே, கூட்டத்துக்குப் போகாதே, வாத்தியாரோடு வாய் காட்டாதே, ரியூசன் விட்டால் நேரே வீட்டுக்கு வா என்ற கட்டளைகள் இறுகின. பேச்சைக் குறைத்துப் புள்ளியைக் கூட்டு என்பதே அவற்றின் சாரம். நம் நாவல்களில் வரும் "படிக்கிற பிள்ளை" இந்தக் கட்டளைகளின் விளைவு. துரதிர்ஷ்டம் என்னவென்றால், நாவலாசிரியர்களும் பெற்றோரின் கண்ணாலேயே அவனைப் பார்த்தார்கள். பக்கத்து அறையில் விளக்கு எரிகிறது, பிள்ளை படிக்கிறான், கதை முன்விறாந்தையில் பெரியவர்களோடு போகிறது. அறைக்குள் போய்ப் பார்த்தவர்கள் வெகு சிலர்.

2

இரண்டாவது கருத்து முதலாவதைச் சற்றுக் கலைக்கிறது. மேலே சொன்ன அடக்கம் வரம்புக்குட்பட்டதாயினும் ஒரு சொத்து. அதனால் வரவு உண்டு, புகழ் உண்டு. அதே அசைவுகள், அதே குறைந்த பேச்சு, இன்னொரு பிள்ளையிடம் முற்றிலும் வேறு பொருள் தருகின்றன. குடத்தோடு கிணற்றடிக்கு வெளியே நிற்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். கிணற்றில் கை வைக்க அதற்கு உரிமை இல்லை. யாராவது அள்ளி ஊற்றும்வரை நிற்க வேண்டும். பேசினால் தண்ணீர் கிடைக்காமல் போகலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதுவும் பணிவான, வாய் திறவாத பிள்ளைதான். கே. டானியலின் நாவல்களை, குறிப்பாகப் 'பஞ்சமர்', 'தண்ணீர்' ஆகியவற்றைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்த வேண்டும். அங்கே வரும் பணிவு ஒரு குடும்பம் பிள்ளைக்குத் தேடி வைத்த அணிகலன் அன்று; அடிக்குத் தப்ப வேண்டிய தேவை. அந்தத் தேவை தளர்ந்த கணத்தில் அது எவ்வளவு விரைவாகக் கழன்று விழுகிறது என்பதை டானியல் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்.

வகுப்பறை வாங்கும் இந்த வேறுபாட்டைச் சுமந்தது. 1920களின் இறுதியில் பாடசாலைகளில் சம ஆசனம் வேண்டும் என்ற உத்தரவு வந்தபோது குடாநாட்டில் எழுந்த எதிர்ப்பு சிறியதன்று. பாடசாலைக் கொட்டில்கள் எரிக்கப்பட்டன. ஹண்டி பேரின்பநாயகமும் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸும் சம ஆசனம், சம போசனம் என்பவற்றுக்காக நின்றதும் அக்காலத்தில்தான். ஒரே வாங்கில் இருக்கக் கிடைத்த பிறகும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகையில் அமைதியாக இருக்கவில்லை. டொமினிக் ஜீவா தன் வரலாற்று நூலான 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்' என்பதில், ஆசிரியரின் சாதி வசையோடு தன் பள்ளிப் படிப்பு முறிந்த கதையைச் சொல்கிறார். அது புனைவன்று என்றாலும் புனைவை வாசிக்க உதவுகிறது. வகுப்பில் வாய் திறக்காத இரண்டு பிள்ளைகளில் ஒருவன் பரிசுக்காகக் காத்திருக்கிறான். மற்றவன் வசைக்காகக் காத்திருக்கிறான். இருவரையும் ஒரே சொல்லால் வருணிக்கும் விமர்சனம் பாதி குருடு.

என். கே. ரகுநாதன் 1951இல் எழுதிய 'நிலவிலே பேசுவோம்' சிறுகதையை இங்கே நினைவூட்டுகிறேன். அதில் வருவோர் பதின்வயதினர் அல்லர். ஆயினும் மரியாதை எப்படித் தொழிற்படுகிறது என்பதை அதைவிடச் சுருக்கமாகக் காட்டிய கதை நம்மிடம் இல்லை. தேடி வந்த தாழ்த்தப்பட்ட சாதியினரை வீட்டுக்குள் ஏற்ற விரும்பாத முற்போக்குப் பிரமுகர், வெளியே நல்ல நிலவு, அங்கே இருந்து கதைப்போம் என்று அழைத்துப் போகிறார். ஒரு கடுஞ்சொல் இல்லை. இரு தரப்பும் பண்பாகவே நடந்துகொள்கின்றன. ஒருவரின் பண்பு கதவை மூடுகிறது. மற்றவரின் பண்பு மூடப்பட்டது தெரிந்தும் தெரியாதது போல நிற்கிறது. இந்த வீட்டுப் பிள்ளை கதவோரத்தில் நின்று இதைப் பார்த்திருந்தால் என்ன படித்திருப்பான் என்று ரகுநாதன் எழுதவில்லை. எழுதப்படாத அந்தப் பிள்ளைதான் பின்னால் வந்த பல நாவல்களின் நல்ல பிள்ளை என்பது என் எண்ணம்.

3

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1914இல் மங்களநாயகம் தம்பையா எழுதிய 'நொறுங்குண்ட இருதயம்' ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்க கால ஆக்கங்களுள் ஒன்று. அதன் கண்மணி, கணவன் அருளப்பாவின் கொடுமையைப் பொறுத்துப் பொறுத்துத் தேய்கிறாள். கிறிஸ்தவ ஒழுக்க நூல் என்று அதை ஒதுக்குவது எளிது. ஆனால் பொறுமையைப் புகழவென்று தொடங்கிய நாவல், பொறுமையின் விலையைக் கணக்கெழுதுவதில் போய் முடிகிறது. நூலின் தலைப்பே அதற்குச் சாட்சி.

அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, தர்மசேன பத்திராஜ இயக்கிய, காவலூர் இராசதுரை எழுதிய 'பொன்மணி' திரைப்படத்தில் (1977) வருகிறவளும் அதிகம் பேசாத இளைய மகள்தான். சீதனம் சேராமல் அக்காவின் கலியாணம் இழுபடும் வெள்ளாள வீடு அது. எல்லாரும் அவளைப் பற்றிப் பேசுகிறார்கள். அவளோடு பேசுகிறவர்கள் குறைவு. கடைசியில் சாதி வரம்பைத் தாண்டி ஒருவனோடு அவள் வீட்டை விட்டுப் போகும்போது வீட்டார் அதிர்கிறார்கள், பார்வையாளர் அவ்வளவாக அதிர்வதில்லை. அவளுடைய மௌனத்தைச் சம்மதம் என்று எண்ணியவர்கள் வீட்டார். படம்பிடிக் கருவியோ அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிங்களவர் ஒருவர் வந்து இதைப் படமாக்க வேண்டியிருந்தது என்பதை நம்முடைய கலைஞர்கள் மீதான குற்றச்சாட்டாக அன்றி, ஒரு தரவாகவே குறித்துக்கொள்கிறேன்.

4

எண்பதுகள் வந்தன. அடக்கம் என்பது ஒரு சான்றிதழாக மாறியது. படையினரின் சுற்றிவளைப்புகளில் இளைஞர்கள் மைதானத்தில் வரிசையாக நிறுத்தப்பட்டார்கள். முகம் மூடிய தலையாட்டி முன்னால் ஒவ்வொருவராக நடந்து போக வேண்டும். அவன் தலை அசைந்தால் லொறியில் ஏற வேண்டியதுதான். அந்த வரிசையில் எப்படி நிற்பது, கண்ணை எங்கே வைப்பது, கேட்டால் எவ்வளவு சொல்வது என்பதெல்லாம் பதினாறு வயதுப் பையனுக்கு உயிர்ப் பிரச்சினை. பாட்டன் காலத்தில் பெரியவருக்கு முன்னால் பழகிய அடக்கம் இப்போது துவக்குக்கு முன்னால் பயன்பட்டது. 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி உருவாகி, கைதான நூற்றுக்கணக்கான இளைஞர்களை விடுவிக்கக் கோரித் தாய்மார் ஊர்வலமாகச் சென்று அரசாங்க அதிபரிடம் முறையிட்டபோது, அவர்கள் தம் பிள்ளைகளுக்காக முன்வைக்கக்கூடியதாயிருந்த முதற் சாட்சியம் பிள்ளையின் அமைதியே.

அதே ஆண்டுகளில் இன்னொன்றும் நடந்தது. நேற்றுவரை ஒரு சோலிக்கும் போகாத பிள்ளை இன்று காலையில் இல்லை. சைக்கிள் சந்தியில் நிற்கிறது, கொப்பிகள் மேசையில் இருக்கின்றன, பிள்ளை ஆயுத இயக்கத்துக்குப் போய்விட்டான். ஊருக்கு அவர்கள் எல்லாரும் "பெடியள்". சத்தம் போட்டுத் திரிந்தவன் வீட்டில் இருக்க, வாய் திறவாதவன் போய்விட்ட நிகழ்ச்சிகள் ஊரைத் திகைக்க வைத்தன. உண்மையில் திகைக்க ஒன்றுமில்லை. பெற்றோருக்கு முன்னால் பேசாதிருந்தவன் பெற்றோருக்கு முன்னால்தான் பேசாதிருந்தான். வாசிகசாலையிலும் ரியூசன் கொட்டிலின் பின்புறத்திலும் கோயில் தேர்முட்டியடியிலும் அவன் என்ன பேசினான் என்பதைப் பெற்றோர் அறிந்திருக்கவில்லை. நாவலாசிரியன் அறிந்திருக்க வேண்டும். இவ்விடத்தில்தான் குணப் பட்டியல் முழுதாகத் தோற்கிறது.

ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) நேர்மாறான பாத்திரத்தைக் கொண்டது என்று தோன்றும். ரொக்கிராஜ் நல்ல பிள்ளை அல்லன். தீவகத்துக் குஞ்சன்வயலின் முரட்டுத் தகப்பனுக்குப் பிறந்து, அடிபட்டு, இயக்கத்துக்குப் போய், அங்கும் முட்டி மோதுகிறவன். ஆனால் அந்நாவல் தொடங்குவது எப்படி? பாரிசில் அகதித் தஞ்சம் கோரும் ஒரு விண்ணப்பத்தோடு. அதன் மொழி பணிவும் ஒழுங்கும் கொண்ட அலுவலக மொழி. ஊரில் எவருக்கும் அடங்காத வாழ்க்கையிலிருந்து வந்தவன், முகம் தெரியாத வெள்ளைக்கார அதிகாரிக்கு முன்னால் மிக மரியாதையான பிள்ளையாகிறான். ஒரே ஆளிடம் இரண்டும் உண்டு. எது வெளிப்படும் என்பதை மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தீர்மானிக்கிறார். என் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று ஒரு நல்ல பிள்ளையைப் பற்றிய கதையில்கூடக் கிடைப்பது அரிது.

5

இப்போது வி. வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்' என்ற ஆங்கில நாவலுக்கு வருகிறேன். 2023இல் வெளியாகி, 2024இல் புனைவுக்கான மகளிர் பரிசையும் கரோல் ஷீல்ட்ஸ் பரிசையும் பெற்ற நூல். அதன் சசி, 1981இல் யாழ்ப்பாணத்தில் பதினாறு வயதை எட்டும் மாணவி, மருத்துவராக விரும்புகிறவள், நான்கு சகோதரர்களோடு பிறந்த ஒரே பெண். நாவலின் தொடக்கப் பகுதியில் கொதிநீர் அவள் மேல் கொட்டிவிடுகிறது. அலறல் கேட்டுத் தெருவால் போன அயல் பையன் கே. உள்ளே வந்து, முட்டைகளை உடைத்து எரிகாயத்தின் மேல் ஊற்றுகிறான். யாழ்ப்பாணத்து வீடொன்றில் பருவப் பெண்ணின் உடம்பை அயல் பையன் தொட நேர்வது சின்ன விடயமன்று. இருவரும் அதைப் பெரிதாக்கிப் பேசுவதில்லை. அவன் செய்ய வேண்டியதைச் செய்கிறான், அவள் தாங்கிக்கொள்கிறாள். கூச்சம், நன்றி, வலி, ஈர்ப்பு எல்லாம் அந்தப் பேசாமையில் கிடக்கின்றன. எரிகாயத்துக்கு முட்டை வெள்ளைக்கரு என்பது நம் வீட்டு வைத்தியம். இன்றைய மருத்துவம் அதை ஏற்காது; இருவரும் மருத்துவம் படிக்கப் போகிறவர்கள் என்பதில் நாவலாசிரியரின் மெல்லிய குறும்பும் இருக்கிறது.

இந்தச் சசியின் ஆளுமையை "அமைதியான, பண்பான மாணவி" என்று எழுதிவிட்டு நகரலாம். நாவல் நகர விடாது. 1981 மே 31 இரவில் யாழ்ப்பாண நூலகம் எரிகிறது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகின்றன. 1983இல் கொழும்பில் மூத்த அண்ணன் நிரஞ்சன் கொல்லப்படுகிறான். இடையிலுள்ள இருவரும் இயக்கத்துக்குப் போகிறார்கள். மருத்துவ பீடத்துக்கு எடுபட்ட கே.யும் படிப்பை விட்டுப் போகிறான். ஒவ்வொரு இழப்பின் முன்னும் சசி பேசாமல் இருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அது வேறு பேசாமை. தாயின் முன்னால் அவள் அடங்குவது தாய் உடைந்துவிடக்கூடாது என்பதற்காக. இயக்கத்தின் கள வைத்தியசாலையில் அடங்குவது, காயப்பட்டவனுக்கு மருந்து கட்டும் கைக்கு அரசியல் கேள்வி கேட்க இடமில்லை என்பதற்காகவும் பயத்துக்காகவும். கே. நல்லூரில் சாகும்வரை உண்ணாவிரதம் இருக்கும்போது பக்கத்தில் இருந்து பார்க்க ஒத்துக்கொள்கிறாள். 1987 செப்ரெம்பர் 15 முதல் 26 வரை அங்கே உண்ணாவிரதம் இருந்து இறந்த திலீபனை நினைவில் வைத்தே அப்பகுதி எழுதப்பட்டிருக்கிறது. திலீபனும் மருத்துவ மாணவராக இருந்தவர். ஆயிரக்கணக்கானோர் சூழ்ந்த மேடையில் சசியின் மௌனத்தை ஊர் பக்தி என்று கண்டிருக்கும். வாசகருக்கு மட்டும் அது எதிர்ப்பும் காதலும் குற்றவுணர்வும் கலந்த மௌனம் என்று தெரியும்.

அவள் பேசத் தொடங்குவது அஞ்சலி என்ற ஆசிரியையின் முன்னால். ரஜனி திராணகமவை முன்மாதிரியாகக் கொண்ட பாத்திரம் அது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் விரிவுரையாளராகவும் 'முறிந்த பனை'யின் ஆசிரியர் நால்வருள் ஒருவராகவும் இருந்த ரஜனி, 1989 செப்ரெம்பர் 21ஆம் திகதி வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாவலில் அஞ்சலியைச் சூழ்ந்த சிறு வட்டத்தில் வாசிப்பும் விவாதமும் நடக்கின்றன. பிறகு எல்லாத் தரப்பினரின் கொடுமைகளையும் பதிவுசெய்யும் வேலை நடக்கிறது. இதுவரை பேசாதிருந்த பிள்ளை அங்கே சாட்சியங்களைக் கேட்டு எழுதுகிறவளாகிறாள். பழைய அடக்கம் வீணாகவில்லை என்பதைக் கவனியுங்கள். பிறர் பேசும்போது குறுக்கே போகாமல் கேட்கத் தெரிந்தவளுக்கே அந்த வேலை கைவருகிறது. பல ஆண்டுகளுக்குப் பின் நியூயோர்க்கில் இருந்து, வாசகரை நேரே விளித்து, அவளே கதையைச் சொல்கிறாள். பதினாறு வயதில் எவருக்கு முன்னாலும் சொல்ல முடியாததை, முகம் தெரியாத நமக்கு முன்னால் சொல்கிறாள்.

6

இனி எதிர்வாதங்கள். முதலாவது: சிலர் பிறப்பிலேயே கூச்ச சுபாவம் உள்ளவர்கள், இதற்குச் சமூகவியல் எதற்கு? பிறவி இயல்பை நான் மறுக்கவில்லை. சசியின் சகோதரர்கள் ஒரே வீட்டில், ஒரே சோறு தின்று வளர்ந்தும் ஒருவரைப் போல ஒருவர் இல்லை. ஆனால் கதை வாசிக்கும் நமக்குப் பாத்திரத்தின் பிறவி தெரியாது. அது நிற்கும் இடமும் எதிரே நிற்பவருமே தெரியும். மேலும், கூச்ச சுபாவம் என்பது உண்மையானால் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ரொக்கிராஜின் விண்ணப்பத்தை அது விளக்காது.

இரண்டாவது வாதம் கனமானது. எல்லாவற்றையும் சாதி, வகுப்பு, யுத்தம் என்று விளக்கினால் தனிமனிதன் எங்கே? முற்போக்கு விமர்சனம் நம்மிடையே இந்தத் தவறைச் செய்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பாத்திரங்களை வர்க்கத்தின் மாதிரிகளாக அது சுருக்கிய காலம் உண்டு. என் வாதம் அதற்கு எதிர்த் திசையில் போகிறது. "அடக்கமானவன்" என்ற ஒரு சொல்தான் மனிதனைச் சுருக்குகிறது. எவர் முன்னால், எதை இழந்துவிடுவோம் என்று, எவ்வளவு நேரம் என்று கேட்கத் தொடங்கினால் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தெரிவார்கள். ஷியாம் செல்வதுரையின் 'ஃபனி போய்' (1994) கொழும்புக் கதை. ஆயினும் இங்கே உதவும். அதிபர் பரிசளிப்பு விழாவில் ஒப்புவிக்கச் சொன்ன ஆங்கிலக் கவிதைகளை, அடிமேல் அடிவாங்கிப் பாடமாக்கிய ஆர்ஜி, மேடையேறி வேண்டுமென்றே குழப்பி ஒப்புவிக்கிறான். கீழ்ப்படிதலின் சடங்கு முழுவதையும் செய்துகொண்டே அதிபரின் பேச்சைக் கவிழ்த்துவிடுகிறான். பின்புலம் அவனுக்கு மேடையைக் கொடுத்தது. அந்தச் செய்கை அவனுடையது மட்டுமே. தனிமனிதன் வெளிப்படுவது அந்த இடத்தில்.

மூன்றாவது: சசியைப் படைத்தவர் அமெரிக்காவில் வளர்ந்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர், அந்தப் பாத்திரத்தை யாழ்ப்பாணப் பிள்ளைக்குச் சான்றாகக் கொள்ளலாமா? புறச் செய்திகளில் அந்நாவல் கவனமாகவே இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தமிழில் ஒரு பாத்திரத்தை மரியாதையானதாகக் காட்ட நமக்கு வினைமுற்றுப் போதும். நீ, நீர், நீங்கள் என்ற படிகளில் ஒன்றைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. கை எங்கே இருந்தது, யார் முதலில் எழும்பினார், எந்தக் கேள்விக்கு விடை வரவில்லை என்று காட்சியாகக் கட்டித்தான் அடக்கத்தைக் காட்ட முடியும். நம் எழுத்தாளர்கள் பலர் மொழி தந்த வசதியில் சோம்பியிருந்துவிட்டார்கள் என்று சொன்னால் மன்னியுங்கள். ஆனால் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். சசி வாழ்ந்த குடாநாட்டில் டானியலின் கிணற்றடிப் பிள்ளைகளும் இருந்தார்கள். நாவலின் வெளிச்சம் அவர்கள் மேல் போதிய அளவு விழவில்லை. படித்த வீடுகளின் அடக்கமே இன்னமும் நம் புனைவில் முன்வரிசையில் இருக்கிறது.

நிறைவாக, அவையில் இருக்கும் தமிழாசிரியர்களிடமும் வினாத்தாள் தயாரிப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். கதையொன்றைக் கற்பித்த பின் பாத்திரத்தின் குணவியல்புகளை எழுதுக என்று கேட்கிறோம்; மாணவர்கள் அடக்கமானவன், பண்பானவன், பெரியோரை மதிப்பவன் என்று நிரல்படுத்திப் புள்ளி பெறுகிறார்கள். அந்த வினாவோடு, இப்பாத்திரம் எவர் முன்னால் பேசவில்லை, எவர் முன்னால் பேசியது, இரண்டுக்கும் காரணம் என்ன என்றும் கேளுங்கள். விடை எழுத ஒரு பக்கம் கூடுதலாகக் கொடுங்கள். விடை எழுதும் பிள்ளைகளில் பலர் அப்படிப்பட்ட பிள்ளைகளே. அவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும்.